சக்கரத்திலிருந்து சாலை வரை: ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பங்கள் வளர்ந்த வரலாறு

1992-ல் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் பெர்லினில் இருந்த தனது சிமுலேட்டரில் ஓர் ஆய்வு நடத்தியது. சாதாரண ஓட்டுநர்களை உட்காரவைத்து, திரையில் விரியும் சாலையில் எதிர்பாராத நேரத்தில் ஓர் ஆபத்தை உண்டாக்கினார்கள். பெரும்பாலானவர்கள் பிரேக்கை வேகமாகத்தான் மிதித்தார்கள். ஆனால் போதுமான அழுத்தத்தோடு மிதிக்கவில்லை. காரிடம் முழு பிரேக் திறன் இருந்தும், அதில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்தினார்கள். இந்த ஒரு கண்டறிதலிலிருந்துதான் 'பிரேக் அசிஸ்ட்' பிறந்தது. கால் எவ்வளவு வேகமாக பெடலில் இறங்குகிறது என்பதை வைத்தே அவசரத்தை அது உணரும். உடனே முழு அழுத்தத்தையும் தானே தரும். 1996-ல் அது மெர்சிடிஸ் கார்களில் வந்தது.

ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பங்களைப் பற்றிப் பேசும்போது, தானே ஓடும் காருக்கான பாதையில் கடந்து வந்த மைல்கற்களாகவே அவற்றைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. மனித உடலிலும் கவனத்திலும் உள்ள திட்டவட்டமான ஒரு குறையை அளந்து, அதை மட்டும் ஈடுசெய்யும் முயற்சியாகவே ஒவ்வொரு வசதியும் உருவாகியிருக்கிறது. அதற்கு முன்நிபந்தனையாக, கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை அளக்கக் கற்றுக்கொண்டது: முதலில் சக்கரம், பிறகு காரின் உடல், பிறகு முன்னால் இருக்கும் சாலை, கடைசியாக ஓட்டுநர். இந்த நான்கு படிகளையும், அவை சாதாரண மனிதர்களின் கார்களை வந்தடைய எடுத்துக்கொண்ட காலத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் படி: பூட்டிக்கொள்ளும் சக்கரம்

பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். கார் மட்டும் வழுக்கிக்கொண்டே போகும். முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. சுழலும் சக்கரமே பக்கவாட்டில் சாலையைப் பற்றிக்கொள்ளும்.

இதைத் தடுக்கும் எண்ணம் பழையது. பாஷ் நிறுவனம் 1936-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றது. நடைமுறையில் முதலில் பயனடைந்தவை விமானங்கள். 1950-களில் டன்லப் நிறுவனத்தின் 'மாக்ஸாரெட்' என்ற இயந்திரக் கருவி, ஈரமான ஓடுதளங்களில் இறங்கும் விமானங்களின் டயர்களைக் காத்தது. அதையே பொருத்திக்கொண்டு 1966-ல் பிரிட்டனில் ஜென்சன் எஃப்எஃப் என்ற கார் வந்தது. ஆனால் அது மிகச் சிலரே வாங்கக்கூடிய வாகனம்.

உண்மையான தடை மின்னணுவியலில் இருந்தது. டெய்ம்லர்-பென்ஸ் 1970-ல் செய்தியாளர்களுக்குச் செய்து காட்டிய அமைப்பு திறமையாகவே வேலை செய்தது. ஆனால் அந்தக் கால அனலாக் சுற்றுகளில் ஏறத்தாழ 1,000 உதிரிகள் இருந்தன. அதிர்விலும் வெப்பத்திலும் அவற்றில் ஒன்று பழுதானாலும் போதும், பிரேக்கே நம்பத்தகாததாகிவிடும். டிஜிட்டல் சில்லுகள் வந்த பிறகு பாஷ் பொறியாளர்கள் அந்த எண்ணிக்கையை சுமார் 140-க்குக் குறைத்தார்கள். 1978-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக் அமைப்பான ஏபிஎஸ் விற்பனைக்கு வந்தது.

அதன் வேலை எளிமையானது. ஒவ்வொரு சக்கரத்தோடும் ஒரு பல் வளையம் சுழல, அருகில் உள்ள சென்சார் வேகத்தை எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகமிழந்தால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே வால்வு திறந்து அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தும். சக்கரம் மீண்டும் உருண்டதும் அழுத்தம் ஏறும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். ஓட்டுநரின் காலடியில் தெரியும் துடிப்பு அதுதான்.

ஏபிஎஸ் ஒரு பாடத்தையும் கற்பித்தது. 1980-களில் மியூனிக் நகரில், ஏபிஎஸ் உள்ள டாக்ஸிகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டார்கள். ஏபிஎஸ் உள்ள டாக்ஸிகள் குறைவான விபத்துகளில் சிக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்ததும் ஓட்டுநர்களில் பலர் துணிந்து ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். கருவி மாறும்போது மனித நடத்தையும் மாறும் என்பதை அன்றிலிருந்து எந்த ஆய்வாளராலும் ஒதுக்கிவிட முடியவில்லை.

இரண்டாம் படி: சறுக்கும் உடல்

நான்கு சக்கரங்களின் வேகம் தெரிந்தாலும், கார் எந்தத் திசையில் போகிறது என்பது ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது. ஓட்டுநர் இடப்பக்கம் திருப்பியிருக்க, பின்பகுதி சறுக்கி கார் சுழன்றுகொண்டிருக்கலாம். 1989-ல் ஸ்வீடனின் பனிச் சாலையில் டெய்ம்லர்-பென்ஸ் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர்-மோன் ஓட்டிய கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. சக்கரங்களின் கணக்கோடு காரின் சுழற்சியையும் அளந்தால் இதைத் தடுத்திருக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கே தோன்றியது. முதல் சோதனைக்கு அவருடைய குழு பயன்படுத்தியது ஒரு பொம்மை ஹெலிகாப்டரின் ஜைரோஸ்கோப்பை. பாஷ் நிறுவனத்தில் அன்டன் வான் ஸான்டனின் குழுவும் இதே சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்தது. இரு தரப்பும் கைகோத்ததன் விளைவாக 1995-ல் மெர்சிடிஸ் எஸ் 600 கூப்பேயில், சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பான இஎஸ்பி வந்தது. இந்த வகை அமைப்புகளின் பொதுப்பெயர் இஎஸ்சி.

ஸ்டீயரிங் திரும்பிய கோணம் ஓட்டுநரின் விருப்பத்தைச் சொல்கிறது. சுழற்சி சென்சார் கார் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. நொடிக்கு 25 முறை இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதபோது ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து காரை நேராக்குகிறது இந்த அமைப்பு. இடப்பக்க வளைவில் முன்பகுதி வெளியே தள்ளப்பட்டால் இடது பின் சக்கரம் பிடிபடும். பின்பகுதி வெளியே வீசப்பட்டால் வலது முன் சக்கரம். எந்தத் திறமையான ஓட்டுநராலும் செய்ய முடியாத செயல் இது. மனிதருக்கு இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல்தான்.

ஆடம்பரக் கார்களோடு நின்றிருக்கக்கூடிய இந்த வசதியைச் சாதாரணக் கார்களுக்குள் கொண்டுவந்தது ஒரு தோல்வி. 1997 அக்டோபரில் ஸ்வீடனின் 'டெக்னிகென்ஸ் வார்ல்ட்' இதழ், புதிதாக வந்திருந்த சிறிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸைச் சோதித்தது. சாலையில் குறுக்கே வரும் கடமானைத் தவிர்ப்பதுபோல் சட்டென்று ஒதுங்கித் திரும்பும் சோதனை அது. கார் கவிழ்ந்தது. விநியோகத்தை நிறுத்திய நிறுவனம், சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் இஎஸ்பியைக் கூடுதல் விலையின்றிப் பொருத்தியது. உற்பத்தி பெருகியது, விலை இறங்கியது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான என்ஹெச்டிஎஸ்ஏ பின்னர் கணித்ததன்படி, ஒரே வாகனம் சிக்கும் விபத்துகளை இஎஸ்சி சாதாரணக் கார்களில் 34 விழுக்காடும், எஸ்யூவிகளில் 59 விழுக்காடும் குறைக்கிறது. சீட் பெல்ட்டுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு வசதிகளில் மிகுந்த பயன் தந்தவற்றில் ஒன்று இது.

மூன்றாம் படி: முன்னால் பார்க்கும் கண்

வேகத்தைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோலை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வையிழந்த அமெரிக்கப் பொறியாளர் இவர். 1950-ல் காப்புரிமை பெற்ற அவரது கருவி 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது.

தெரியவைக்கும் முயற்சி ஜப்பானில் தொடங்கியது. 1992-ல் மிட்சுபிஷி டெபோனேர் லேசர் கொண்டு இடைவெளியை அளந்து எச்சரித்தது. 1995-ல் அதே நிறுவனத்தின் டயமான்டே, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியும் கியரைக் குறைத்தும் வேகத்தை இறக்கியது. பிரேக்கை மட்டும் தொடவில்லை. 1999-ல் மெர்சிடிஸ் 'டிஸ்ட்ரோனிக்' 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரைப் பயன்படுத்தி, வரம்புக்கு உட்பட்டு பிரேக்கும் பிடித்தது. அனுப்பிய அலை திரும்பிவரும் நேரம் தூரத்தைச் சொல்லும். அதிர்வெண்ணில் நேரும் மாற்றம் ஒப்பு வேகத்தைச் சொல்லும். மழையும் பனிமூட்டமும் ரேடாரை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் ஒரு பொருள் என்ன என்பதை அடையாளம் காண்பதில் அது பலவீனமானது. பாலத்தின் இரும்பும் நின்றுவிட்ட காரும் அதற்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

அடையாளம் காண கேமரா வேண்டும். ஜெர்மன் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் 1980-களிலேயே கேமரா பார்வையால் ஒரு வேனை ஓடவைத்தார். ஐரோப்பாவின் 'புரோமிதியஸ்' திட்டத்தில் அவரது குழுவின் கார்கள் 1994-ல் பாரிஸ் அருகே, பிற வாகனங்கள் ஓடும் நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கி.மீ. வேகம் வரை சென்றன. ஜப்பானில் சுபாரு வேறு வழியில் போனது. இரு கண்கள் ஆழத்தை உணர்வதுபோல், இரண்டு கேமராக்கள் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணத்தில் பார்ப்பதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் முறை அது. 2008-ல் 'ஐசைட்' என்ற பெயரில் வந்தது. ஜெருசலேமில் 1999-ல் தொடங்கப்பட்ட மொபைல்ஐ நிறுவனமோ ஒற்றைக் கேமராவும் தன் சொந்தச் சில்லும் போதும் என்று காட்டியது. கேமரா அடையாளம் காண, ரேடார் அளக்க, இரண்டின் தகவலையும் சேர்த்து முடிவெடுப்பதே இன்றைய பல கார்களின் முறை.

இந்தப் பார்வையின் உச்சப் பயன் தன்னியக்க அவசர பிரேக். 2003-ல் ஹோண்டா இன்ஸ்பயரில் வந்த அமைப்பு முதலில் ஒலியெழுப்பும், பிறகு சீட் பெல்ட்டை இழுக்கும், மோதல் தவிர்க்க முடியாதது என்றானபின் பலமாக பிரேக் பிடிக்கும். அவசியமின்றி பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் மோதுவார் என்ற அச்சம் பொறியாளர்களைக் கட்டுப்படுத்தியது. 2008-ல் வால்வோ எக்ஸ்சி60 அந்தத் தயக்கத்தைக் கடந்தது. மணிக்கு 30 கி.மீ.க்கு உட்பட்ட நகர வேகத்தில், ஓட்டுநர் ஒன்றும் செய்யாவிட்டாலும் அதன் 'சிட்டி சேஃப்டி' காரை நிறுத்தியது.

எச்சரிப்பதற்கும் செயல்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ் அளந்து காட்டியது. எச்சரிக்கை மட்டும் தரும் கார்களில், முன்செல்லும் வாகனத்தின் மீது மோதும் விபத்துகள் 27 விழுக்காடு குறைந்தன. தானே பிரேக் பிடிப்பவற்றில் பாதியாகக் குறைந்தன. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடித் தாமதம் என்பது கிட்டத்தட்ட 28 மீட்டர். ஒலியைக் கேட்டுப் புரிந்துகொண்டு கால் நகர்வதற்குள் தீர்ந்துபோகும் தூரம் அது.

நான்காம் படி: ஓட்டுநரின் கண்

2001-ல் நிசான் சிமா, கேமராவால் தடக் கோடுகளைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருத்தத் தொடங்கியது. இடைவெளியையும் தடத்தையும் கார் பார்த்துக்கொள்ளும்போது ஓட்டுநரின் கவனம் சிதறுவது இயல்பு. மியூனிக் டாக்ஸிகள் காட்டிய சிக்கல் புதிய உருவில் திரும்பியது. கார் எந்த அளவுக்குத் தானே ஓடுகிறது என்பதற்கு 2014-ல் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 0 முதல் 5 வரை நிலைகளை வகுத்தது. இன்று விற்பனையில் உள்ள பெரும்பாலான வசதிகள் 2-ஆம் நிலையைத் தாண்டாதவை. அதில் முழுப் பொறுப்பும் ஓட்டுநருடையதே. எனவே காரின் பார்வை உள்பக்கமும் திரும்பியது. 2017-ல் காடிலாக் 'சூப்பர் குரூஸ்', ஓட்டுநர் சாலையைப் பார்க்கிறாரா என்பதை அகச்சிவப்புக் கேமராவால் கண்காணித்தது.

கண்டுபிடிப்பிலிருந்து கட்டாயம் வரை

ஏபிஎஸ் 1978-ல் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் தாமாக முன்வந்து எல்லாப் புதிய கார்களிலும் அதைத் தரத் தொடங்கியது 2004-ல். இந்தியாவில் கார்களுக்கு அது முழுமையாகக் கட்டாயமானது 2019 ஏப்ரலில், அதாவது 41 ஆண்டுகளுக்குப் பிறகு. இஎஸ்சி ஐரோப்பாவின் எல்லாப் புதிய கார்களையும் எட்ட 19 ஆண்டுகள் ஆயின. தன்னியக்க பிரேக்கையும் ஓட்டுநர் சோர்வை உணரும் வசதியையும் ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. தன்னியக்க பிரேக்குக்கு அமெரிக்கா விதித்த காலக்கெடு 2029 செப்டம்பர்.

இந்த இடைவெளியைச் சுருக்கியவை பொதுச் சோதனைகள். புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பு தன்னியக்க பிரேக்கை 2014-ல் மதிப்பெண்ணில் சேர்த்தது. 2016-ல் பாதசாரிகளையும், 2018-ல் மிதிவண்டிகளையும், 2023-ல் மோட்டார் சைக்கிள்களையும் சோதனைக்குள் கொண்டுவந்தது. எது சோதிக்கப்படுகிறதோ அதற்கேற்பவே கார்கள் திருந்தின. சோதிக்கப்படாதவை பின்தங்கின. பாதசாரிகளைக் கண்டு நிற்கும் அமைப்புகள் அத்தகைய விபத்துகளை மொத்தத்தில் 27 விழுக்காடு குறைத்தாலும், விளக்கில்லாத சாலைகளில் இரவில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை என்று 2022-ல் ஐஐஹெச்எஸ் கண்டறிந்தது.

இந்தியாவுக்கு இந்த முடிவு மிக முக்கியமானது. 2022-ல் நாட்டுச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 44.5 விழுக்காடு, பாதசாரிகள் 19.5 விழுக்காடு. செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்யூவி700, 2021-ல் ரேடாரையும் கேமராவையும் நடுத்தர விலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, அதே வகை இந்தியத் திட்டமான பாரத் என்கேப், உயர் நட்சத்திரம் பெற இஎஸ்சியை வலியுறுத்துகிறது. அடுத்த கட்டமாக, தடக் கோடே இல்லாத சாலையையும், விளக்கற்ற இரவில் குறுக்கே வரும் சைக்கிளையும், இடப்பக்கம் நுழையும் பைக்கையும் அது தன் சோதனைக்குள் கொண்டுவர வேண்டும். வாகனச் சோதனைத் தடங்கள் ஓரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே தேறும் வசதிகள் விலை குறைந்த மாடல்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இன்னொரு 41 ஆண்டுகள் காத்திருக்க இந்தியச் சாலைகளுக்கு அவகாசமில்லை.