போட்டோவை சுருக்கும் 'ஜேபெக்': ஒரிஜினலை அழிச்சிடாதீங்க!

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் மகனாக இருந்தாலும், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு 20 முதல் 50 கே.பி.க்குள் 'ஜேபெக்' போட்டோ வேண்டும். அது என்ன ஜேபெக்?

1992-ல் வந்த இந்த முறை, படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களை கழித்து விடும். வெங்காயத்தில் சருகை தள்ளுற மாதிரிதான். இதற்கு அடிப்படையான கணக்கை 1974-ல் வெளியிட்டவர்கள் பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், சென்னை பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்த கே.ஆர்.ராவ் ஆகிய 3 பேர்.

ஆனால் கழித்தது திரும்ப வராது. தாத்தாவோட ஒரே போட்டோவை சுருக்கிவிட்டு, பிறகு பிளக்சுக்கு பெரிசாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால ஒரிஜினலை பத்திரமா வச்சுக்கிட்டு, காப்பியை மட்டும் சுருக்குங்க.