கணையாழி போய் சூடாமணி வரும்வரை

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு மேலே இருக்கிறது காவலூர். 1968இல் வைணு பாப்பு அங்கே 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை நிறுவினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1986இல் 2.34 மீட்டர். காவலூர் வரலாறு என்றால் இந்த ஆடிகளின் அளவைத்தான் சொல்வார்கள். ஆடியில் விழுந்த ஒளி தரவாகி எப்படி மலையிறங்கியது, யார் கைக்குப் போனது, அதற்குள் எவ்வளவு நேரம் கழிந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதைதான் வேண்டும். அதில் பெண்கள் இருக்கிறார்கள்.

தூது இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அனுமன் கணையாழியைக் கொண்டுபோய்ச் சீதையிடம் கொடுத்தால் மட்டும் தூது முடிவதில்லை. சூடாமணி திரும்பி வந்து இராமன் கையில் சேர வேண்டும். அதுவரை படை நகராது. இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி என்ற நெறிமுறையும் அப்படித்தான். ஒரு பகுதியை அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். போய்வர ஆகும் இந்த நேரத்தை ‘லேட்டன்சி’ என்கிறார்கள். நம் ஊரில் ‘சுணக்கம்’ என்ற சொல் உண்டு, அது போதும். சுணக்கத்தை அசோகவனத்தில் உட்கார்ந்து அனுபவித்தவள் சீதை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தச் சுணக்கம் மாதக்கணக்கில் இருந்தது. ஹார்வர்ட் வானாய்வகம் பெரு நாட்டின் அரெகிபாவில் ஒரு கிளை வைத்திருந்தது. அங்கே இரவில் ஆண்கள் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் கப்பலேறி அமெரிக்கா வந்தன. பகலில் அவற்றை உருப்பெருக்கியில் பார்த்துக் கணக்கிட்டவர்கள் பெண்கள். கூலி மணிக்கு 25, 30 சென்ட். அந்தத் தகடுகளிலிருந்துதான் ஹென்றியேட்டா லீவிட் மெகல்லன் மேகங்களில் 1,777 மாறு விண்மீன்களைக் கண்டறிந்து 1908இல் வெளியிட்டார். விண்மீனின் ஒளிர்வுக்கும் அது மங்கி மிளிரும் கால அளவுக்கும் உள்ள உறவை அவர் நிறுவிய 1912ஆம் ஆண்டு அறிக்கையில் கையெழுத்து இயக்குநர் பிக்கரிங்குடையது. ‘செல்வி லீவிட் தயாரித்தது’ என்று உள்ளே ஒரு வரி இருக்கிறது. அண்டத்தின் தூரங்களை அளக்க வழி சொன்னவருக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

தொலைநோக்கிக்கும் பெண்ணுக்கும் இடையில் இருந்த தூரம் கடலால் மட்டும் ஆனதல்ல. 1950களில் மவுண்ட் வில்சனில் மார்கரெட் பர்பிட்ஜ் கணவரின் உதவியாளர் என்ற பெயரில்தான் ஆய்வு செய்ய முடிந்தது. பாலோமரில் வேரா ரூபினுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது 1965இல். அதுவரை சொல்லப்பட்ட காரணம், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது. (நம் கல்லூரிகளில் இன்றும் கேட்கும் காரணம்தான்.)

காவலூருக்கு வருவோம். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை அங்கே பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். எதிர்பாராத ஒரு மங்கல் தெரிந்தது. புதிய துணைக்கோள் என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே நிகழ்வை இந்தியப் பெருங்கடலுக்கு மேல் வானூர்தியிலிருந்து பார்த்த எலியட் குழுவினருக்குக் கோளுக்கு முன்னும் பின்னும் பல மங்கல்கள் கிடைத்திருந்தன. அவை வளையங்கள். ஒரே இரவின் தரவு வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே பின்னர் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவியது. அதை இயக்குவது பெங்களூரு அருகே ஹொஸ்கோட்டேயிலிருந்து, செயற்கைக்கோள் வழியாக. புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில். சைகை ஏறி இறங்கக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. அரை நொடிதானே என்று தோன்றும். டிசிபியின் பழைய விதிப்படி ஒரு தடவைக்கு 65,535 பைட்டுகள் அனுப்பிவிட்டுப் பதிலுக்கு நிற்க வேண்டும். 2048×4096 புள்ளிகள் கொண்ட ஒரு படம் சுமார் 16.8 மெகாபைட். இருநூற்றைம்பது தடவைக்கு மேல் நின்று நின்று அனுப்பினால் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். இணைப்பு எத்தனை அகலமானாலும் இது குறையாது. ஒளியை விரைவுபடுத்த யாராலும் ஆகாது. குறைக்கக்கூடியவை மூன்று: போய்வரும் தடவைகள், சுற்றுவழி, நடுவழியில் நிற்கும் வரிசை. ஒரே தடவையில் நிறைய அனுப்ப 1992இல் விதி தளர்த்தப்பட்டது.

வரிசையைப் பற்றி யோசித்தவர்களில் முக்கியமானவர் சாலி ஃபிளாய்ட். பெர்க்லியில் சமூகவியல் படித்தவர், சான் பிரான்சிஸ்கோ பகுதி ரயில் நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தவர். முப்பது வயதைக் கடந்தபின் மீண்டும் படிக்கப் போய் 1989இல் முனைவர் பட்டம் பெற்றார். வழிச்செலுத்தியின் கிடங்கு நிரம்பி வழிந்த பிறகுதான் பொட்டலங்கள் கைவிடப்பட்டு, அனுப்புநர் வேகத்தைக் குறைப்பார். அதற்குள் வரிசை நீண்டு எல்லோருக்கும் சுணக்கம் ஏறியிருக்கும். கிடங்கு நிரம்பும் முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றைக் கைவிட்டு எச்சரித்தால் வரிசை குறுகியே இருக்கும் என்று 1993இல் வான் ஜேக்கப்சனோடு சேர்ந்து அவர் எழுதினார். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது உடனே புரியும்.

2003இல் அவர் எழுதிய இன்னொரு ஆவணம் நெடுந்தூரத்துக்கானது. போய்வர 100 மில்லி நொடி ஆகும் பாதையில் நொடிக்கு 10 கிகாபிட் வேகம் நிலைக்க வேண்டுமானால், வழக்கமான டிசிபிக்கு 500 கோடிப் பொட்டலங்களுக்கு ஒருமுறைதான் இழப்பு நேரலாம். நடக்காத காரியம். இழப்புக்குப் பின் குறைவாகப் பின்வாங்கி விரைவாக மீள அவர் விதியை மாற்றிக் கொடுத்தார். 2019இல் இறந்தார். அவர் பெயரை எந்தத் தமிழ்ப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை.

காவலூரிலிருந்து பெங்களூரு சுமார் 175 கி.மீ. ஒளியிழையில் அந்தத் தூரத்துக்கு ஒரு மில்லி நொடிகூட ஆகாது. அதே மலையில் அலைபேசிச் சைகை தேடிப் பாறை மேல் ஏறும் மாணவி இருக்கிறாள். உதவித்தொகை விண்ணப்பப் பக்கம் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பதில் வாங்குகிறது. எல்லாம் போய்வந்து பக்கம் திறந்து, ஓடிபி வந்து சேரும்போது அதன் காலம் முடிந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. இருட்டுவதற்குள் அவள் கீழே இறங்கவும் வேண்டும்.