பன்றி கொடுத்த குப்பி

சிங்காரப்பேட்டை வீட்டில் தாத்தா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வார். "பன்னிகிட்டேருந்து எடுக்கறதாமே?" என்று பாட்டி முகம் சுளித்தாள். "உசுர காப்பாத்துதுல்ல, விடு" என்றார்.

1893இல் பிரிஸ்டலில் வாட்சன் வில்லியம்ஸ் ஆட்டுக் கணையத் துண்டுகளை 15 வயதுச் சிறுவனின் தோலுக்கடியில் வைத்தார். மூன்றே நாளில் பையன் இறந்துபோனான். 1922இல் விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் நோயாளிகளைப் பிழைக்க வைத்தது. பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம்.

அதைச் சுரக்கும் செல் திட்டுகளையே உடம்புக்குள் வைத்துவிட்டால்? 1990களில் ஸ்வீடனில் கார்ல் குரோத் குழு பத்துப் பேருக்குப் பன்றிக் கருவின் திட்டுகளைப் பதித்தது. சிலரிடம் அவை மாதக்கணக்கில் உயிரோடிருந்தன. ஊசி மட்டும் யாருக்கும் நிற்கவில்லை.

தாத்தாவின் மனசு பன்றியை ஏற்றுக்கொண்டது. நோயெதிர்ப்புச் சக்தி அவ்வளவு சுலபத்தில் சமாதானமாவதில்லை.