தீயணைப்புத் துறை கடந்து வந்த பாதை

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகர் வீடுகளின் மீது விழுந்தன. சிறார்கள் 5 பேர் உட்பட 7 பேர் புதையுண்டு இறந்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரோடு அந்தச் சேற்றில் இறங்கி அவர்களைத் தேடியவர்கள் தீயணைப்பு வீரர்கள். நெருப்பே இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன பணி என்பதைத் துறையின் வரலாறு விளக்குகிறது.

சென்னைத் தீயணைப்புப் படை 1908இல் தோன்றியது. நகருக்கென உருவான அச்சேவை பின்னர் மாவட்டங்களுக்கும் விரிந்தது. 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் அதற்கு உறுதியான சட்ட அடித்தளம் தந்தது. நாளடைவில் கிணற்றில் விழுந்தவரையும் வெள்ளத்தில் சிக்கியவரையும் காப்பது அன்றாடக் கடமையாகவே, 'மீட்பு' என்னும் சொல் துறையின் பெயரிலேயே இடம்பெற்றது.

அப்பணியின் விலை பெரிது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருளும் பருத்தியும் ஏற்றிய கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் துறந்தனர். அந்நாளே ஆண்டுதோறும் அவர்களின் நினைவு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

ஆயினும் வீரர்களின் தியாகம் மட்டும் நம்மைக் காத்துவிடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். தர்காவின் நிழலில் நிம்மதி கிடைக்கும் என நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. தீயணைப்பு வண்டி வருமுன்னரே, வெளியேறும் வழி இல்லாமையால் போன உயிர்கள் இவை.

மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்த செய்தி எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகை என்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான வழிகாட்டல் இது.

ஆகவே நம் மதரஸா விடுதிகளிலும் நிக்காஹ் மண்டபங்களிலும் இரண்டாவது வாசல் பூட்டப்படாமல் இருக்கட்டும். கந்தூரிச் சமையல் பந்தலை விட்டு விலகி நடக்கட்டும். 101 என்ற எண்ணைப் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். வீரர்கள் வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் நம் பொறுப்பு.