ஆபீஸுக்கு வரச் சொல்கிறார்கள்... அங்கே போய் யாரிடம் பேசுவது?

2025 ஜனவரி 2 முதல் வாரத்தில் 5 நாளும் ஆபீஸ். 2024 செப்டம்பரில் அமேசான் தலைமைச் செயல் அதிகாரி ஆண்டி ஜாஸி ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் சாரம் இது. சேர்ந்து யோசிப்பதும் கற்றுக்கொள்வதும் நேரில் இருந்தால்தான் எளிது என்பது அவர் சொன்ன காரணம். இந்தியாவில் டிசிஎஸ் 2023 அக்டோபரிலேயே இப்படி மாறிவிட்டது.

ஊழியர்களுக்கு ஏன் கோபம்?

டிராஃபிக் ஒரு பக்கம். போய்ச் சேர்ந்த பிறகுதான் பெரிய எரிச்சல். தடுப்பே இல்லாத நீண்ட ஹால், பக்கத்து சீட்டின் போன் பேச்சு. சில கம்பெனிகளில் சொந்த சீட்கூட கிடையாது, தினமும் ஆப்பில் புக் பண்ணணும். டீமில் பாதிப்பேர் வேறு ஊரில் இருந்தால், அங்கேயும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ கால்தான். அதை வீட்டிலிருந்தே பேசலாமே!

சுவரை எடுத்தால் பேச்சு கூடுமா?

குறைகிறது என்கிறது ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் 2018ல் வெளியிட்ட ஆய்வு. திறந்த ஹாலுக்கு மாறிய 2 பெரிய நிறுவனங்களில், ஊழியர்களுக்கு சென்சார் மாட்டி அளந்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70% சரிந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் மனம்விட்டுப் பேச யாருக்குத்தான் வரும்?

சொந்த சீட் திரும்பக் கிடைக்குமா?

முன்பு தனி சீட் இருந்த அமெரிக்க அலுவலகங்களில் அதைத் திரும்பத் தருவதாக ஜாஸி அதே கடிதத்தில் சொன்னார். ஐரோப்பாவின் பல அலுவலகங்களில் பொது சீட் முறையே தொடரும் என்றார்.