ஹேபியர் ஃபாதர் திரும்பி வராத பாதை

போன மாசம் எங்கட வாசிப்பு வட்டத்தில ஒரு சின்னக் கேள்வி பெரிய சண்டையாப் போச்சு. "நல்ல பொடியன் எண்டா ஆர்?" குடிக்காதவன், பெரியாக்களுக்கு மரியாதை குடுக்கிறவன், சொல்வழி கேக்கிறவன் எண்டு பதில்கள் வந்தது. ஒருத்தி மட்டும், "இதெல்லாம் செய்யாம இருக்கிறதும் அடங்கி இருக்கிறதும் தானே. நல்லது செய்யிறது எங்க?" எண்டு கேட்டாள். எங்களிட்ட பதில் இருக்கேல்லை. அதைத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

ஈச்சிலம்பற்றில் வெருகல் முருகனை நம்பி வளர்ந்த ஆக்கள்தான் எங்களில் கனபேர். கிறிஸ்தவம் எங்களுக்கு அயல் வீட்டுக் கதை. ஆனா கிழக்கு மாகாணத்தில் "நல்ல குணத்தை வளர்ப்பது" என்பதை ஒரு வேலைத்திட்டமாகவே எடுத்துச் செய்தவர்களைத் தேடினால், முதலில் வந்து நிற்பவர்களில் இயேசு சபைக் குருமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் யூஜின் ஜோன் ஹேபியர்.

1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஜென்னிங்ஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தார். நாடு சுதந்திரம் பெற்ற வருசம் அது. அதே வருசம் வந்த இன்னொருவர் பென்ஜமின் ஹென்றி மில்லர். மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளாரும் இதே அமெரிக்கக் குருமார் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி இரண்டிலும் இவர்களுடைய காலடி இருக்கிறது. அங்கே கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை என்பதையும் சொல்ல வேணும்.

ஹேபியர் கூடைப்பந்துப் பயிற்றுநர். பிறகு மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பிலும் இருந்தார். ஒரு குருவானவருக்கு ஏன் பந்து, ஏன் தொழிற்பயிற்சி? வேதம் படிப்பித்தால் போதாதா?

இதற்குப் பதில் இயேசு சபையின் பழக்கத்திலேயே இருக்கிறது. சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் ஒரு படைவீரர். 1521இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, படுக்கையில் கிடந்த காலத்தில் மனம் மாறியவர். அவர் விட்டுப்போன முக்கியமான பழக்கம் தினசரி ஆன்ம சோதனை. அன்றைய நாளுக்கு நன்றி சொல்வது, உண்மையைப் பார்க்க வெளிச்சம் கேட்பது, நாளை ஒவ்வொரு மணித்தியாலமாக மீட்டுப் பார்ப்பது, பிழைக்கு மன்னிப்புக் கேட்பது, அடுத்த நாளுக்கு ஒரு தீர்மானம் எடுப்பது என்று அதில் ஐந்து படிகள்.

இதோட இன்னொன்றும் உண்டு. எல்லாக் குறையையும் ஒரேயடியாகத் திருத்த வெளிக்கிடாமல், ஒரே ஒரு குறையை மட்டும் எடுக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். கோபம் என்றால் கோபம் மட்டும். அன்றைக்கு எத்தனை தரம் தவறினோமோ அத்தனை புள்ளிகளைக் கோட்டில் போட வேணும். நேற்றையும் இன்றையும், போன கிழமையையும் இந்தக் கிழமையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேணும்.

இதை வாசிச்சதும் எங்கட வட்டத்தில கரப்பந்து விளையாடுற ஒருத்தன், "இது பயிற்சிக் கொப்பி மாதிரி எல்லோ இருக்கு!" எண்டான். உண்மைதான். குணம் என்பது பிறப்போடு வாறதும் இல்லை, ஒரு பிரசங்கத்தில் வாறதும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்து பழகுவது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அன்பு, பொறுமை, சாந்தம் முதலான ஒன்பது குணங்களைக் "கனி" என்கிறார். கனிக்குக் காலம் வேணும் எண்டது தோட்டம் செய்யிற எங்கட சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைப் புகழ்ச்சியாக மட்டும் எழுத நாங்கள் விரும்பவில்லை. மிஷன் பள்ளிகள் பரீட்சையில் சித்தியடைந்து நல்ல உத்தியோகம் பார்க்கிற மனிதர்களையும் உருவாக்கின. பக்கத்தில் நடக்கும் அநியாயத்தைப் பார்த்தும் வாய் திறக்காத "ஒழுக்கமான" மனிதர்கள் அவர்களிலும் இருந்தார்கள். இந்தக் குறையை உலக அளவில் ஒத்துக்கொண்டவர் இயேசு சபையின் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே. 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பழைய மாணவர்கள் கூடியிருந்த இடத்தில், நீதிக்காக உங்களை நாங்கள் வளர்த்தோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதில் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனி எங்கள் கல்வியின் நோக்கம் என்றார். கேட்டிருந்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

அந்தப் பேச்சுக்கு எங்கட பக்கத்தில் சோதனை வந்தது 1990இல். யூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். ஒன்பது நாள் கழித்து ஏறாவூரிலும் அதே கொடுமை. பழிக்குப் பழியாகத் தமிழ்ச் சனமும் கொல்லப்பட்டது. அயல் ஊர் போய் வாறதே உயிரைப் பணயம் வைக்கிற வேலையாக இருந்த நாட்கள்.

அந்த நாட்களில் ஹேபியர் வாழைச்சேனைக்குப் போனார். அங்கே சிக்கியிருந்த அருட்சகோதரிகளுக்கும் அடைக்கலம் தேடிய சனத்துக்கும் உதவி தேவைப்பட்டது. ஓகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்று பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறாவூர் ஊடாகப் போகும் அந்தப் பாதை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. ஒருவரும் தண்டிக்கப்படவும் இல்லை. அப்போது ஹேபியருக்கு வயது 66. ஊருக்குத் திரும்பிப்போய் ஓய்வெடுக்கிற வயசு.

எங்களுக்கு இதில் இரண்டு விசயம் முக்கியமாப் படுது. முதலாவது, அந்தப் பயணம் திடீரென்று வந்த வீரம் இல்லை. 42 வருசம் தினமும் தன்னைத் தானே கணக்குக் கேட்டு வந்த ஒரு மனிதனுக்கு, தேவைப்படுகிற இடத்துக்குப் போவது பழகிப்போன வேலையாக இருந்திருக்கும். இரண்டாவது, பேர்ட்ரம். அமெரிக்கக் குருவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்த அளவு அவர் பெயர் தெரியாது. அதே பாதையில், அதே ஆபத்தில், ஒரு உள்ளூர்ப் பொடியனும் போனான். நினைவு கூரும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்ல வேணும்.

மில்லர் அடிகளார் வேறொரு வழியில் அதே வேலையைச் செய்தார். காணாமல் போனவர்களின் விபரங்களைப் பதிந்தார். அதிகாரிகளிடம் போய்க் கேட்டார். 2009இல் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனவர், இருக்க முடியாமல் மட்டக்களப்புக்கே வந்துவிட்டார்.

2006இல் எங்கட சனம் ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் பயந்து வெருகல் ஆற்றைத் தாண்டி வாகரைக்கு ஓடினது. காணாமல் போனவரைத் தேடுற தாய்மார் இன்றைக்கும் கிழக்கில இருக்கினம். அவையளின்ட படத்தையும் கடதாசியையும் பார்த்து நாங்கள் என்ன செய்தம்? இந்தக் கேள்விக்குச் சாமி கும்பிடுற விதம் முக்கியமில்லை. ஹேபியரைப் போக வைத்தது அவருடைய கிறிஸ்து. எங்களைப் போக வைப்பது எது எண்டு நாங்கள்தான் பார்க்க வேணும்.

வட்டத்தில ஒரு முடிவு எடுத்திருக்கிறம். ஆளுக்கு ஒரு கொப்பி, ஒரே ஒரு குறை, ஒரு மாசம். அடுத்த கூட்டத்தில கொப்பியைக் காட்டத் தேவையில்லை, வைச்சிருந்தாப் போதும்.