கிளைடர் பந்தயத்தின் முடிவு முறை

எஞ்சின் உந்துதல் இல்லாமல் பறக்கும் கிளைடர்களின் பந்தயம் எந்த இடத்தில், எந்த உயரத்தில் முடிகிறது என்பதை வரையறுக்கும் விதிகள். உலகப் போட்டிகளுக்கான விதிகளை எஃப்.ஏ.ஐ. என்னும் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் பன்னாட்டுக் கிளைடர் ஆணையம் வகுக்கிறது.

1920-ல் ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையில் தொடங்கிய ரோன் கிளைடர் போட்டிகளில் பறந்த நேரமும் தொலைவுமே பெரிதாகக் கருதப்பட்டன.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் வேகப் பந்தயங்கள் பெருகியபின் முடிவுக்கோடு முக்கியத்துவம் பெற்றது. 1956-ல் பிரான்சின் சேன்-யானில் உலகப் பட்டம் வென்ற பால் மெக்கிரெடியின் வேகக் கோட்பாடு, மேலெழும் கடைசி வெப்பக்காற்றில் எவ்வளவு ஏறிவிட்டு ஓடுதளத்தை நோக்கி விரைவது என்பதைக் கணக்காக்கியது. தேவைக்கு மேல் ஏறிய ஒவ்வொரு மீட்டரும் நேர இழப்பு. ஆகவே விமானிகள் தரையை ஒட்டி, மணிக்கு 200 கி.மீ. அல்லது அதற்கும் மேலான வேகத்தில் கோட்டைக் கடந்தனர். கோட்டருகே நின்ற நடுவர்கள் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தனர். எடைக்காக இறக்கையில் நிரப்பிய நீரைச் சிலர் அப்போதே திறந்துவிட, கிளைடருக்குப் பின்னால் வெண்ணிற வால் ஒன்று நீளும். விசில் போன்ற ஓசையுடன் கிளைடர் தலைக்கு மேல் கடந்து செல்லும்.

இப்படித் தாழ்வாக விரைவதற்கு இயற்பியலும் துணை நின்றது. 200 கி.மீ. வேகத்தில் வரும் கிளைடர், மூக்கைத் தூக்கி 100 கி.மீ. வேகத்துக்குக் குறைந்தால், காற்றுத்தடை இழப்பைக் கணக்கில் கொள்ளாதபோது சுமார் 118 மீட்டர் ஏறும். சுற்றிவந்து இறங்க அது போதும். தாழ்வாகவும் மெதுவாகவும் வருபவருக்கோ இந்தக் கையிருப்பு இல்லை. அந்த உயரத்தில் திரும்ப முயன்று தூக்குவிசை இழந்தால் மீள இடமிருக்காது. தரையில் நிற்போருக்கும் ஆபத்து உண்டு: 2005-ல் இங்கிலாந்தின் ஹஸ்பண்ட்ஸ் பாஸ்வொர்த் போட்டியில், தாழ்ந்து வந்த கிளைடர் மோதிப் புகைப்படக்காரர் ஒருவர் உயிரிழந்தார்.

1990-களின் நடுவில் ஜி.பி.எஸ். பதிவுக் கருவிகள் பரவியபின், கண்ணால் பார்க்கும் கோட்டுக்குப் பதிலாக ஓடுதளத்தைச் சூழ்ந்த ஒரு வளையத்தை எல்லையாக்க முடிந்தது. அமெரிக்கப் போட்டிகளில் 1 மைல் ஆரமும் 500 அடி குறைந்தபட்ச உயரமும் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. உலக விதிகளில் ஆரம் குறைந்தது 3 கி.மீ. உயரம் குறைந்தால் புள்ளி வெட்டு. பந்தயம் முடிந்த பிறகு தரையிறங்க அமைதியான அவகாசம் கிடைக்கும் என்பதே இதன் நோக்கம்.

வளையம் கோட்டைவிடப் பாதுகாப்பானதா என்பதில் விமானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது தாழ்நிலை விபத்துகளைத் தவிர்க்கும் என்பர் ஆதரிப்போர். விமானியின் பார்வை வெளியே இருக்க வேண்டிய நேரத்தில் உயரமானியில் நிலைக்கிறது, புள்ளியைக் காப்பாற்ற விளிம்பில் திடீரென மேலெழுபவர் பின்னால் வருபவருக்கு இடராகிறார் என்பர் மறுப்போர்.

உலகப் போட்டி விதிகள் கோடு, வளையம் இரண்டுக்கும் இடமளித்து வந்துள்ளன.